பழைய கணினியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க

(கணினிப் பயன்பாடு குறித்த மக்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிற எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பட்டா பார்க்கிறீர்கள், மின்கட்டணம் கட்டுகிறீர்கள், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டில் மேசைக்கு அடியில் கிடக்கிற பழைய கணினியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துணி போர்த்தி வைத்திருப்போம், இல்லையென்றால் பரண் மேல் ஏறியிருக்கும். ஒருநாள் பழைய சாமான் வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுப்பார். எடைக்கு எடை போட்டுத் தூக்கிக் கொடுத்துவிடுவோம்.

அப்படிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் அதைத் திருப்பி வைத்துப் பாருங்க என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இரண்டு காரணம் இருக்கு. முதலாவது, நாலு பக்க விண்ணப்பத்தைப் போன் திரையில் கட்டைவிரலால் நிரப்புகிறவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். பெரிய திரையும் விசைப்பலகையும் இருந்தால் பாதி நேரத்தில் முடிகிற வேலை அது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்தப் பெட்டிக்குள் உங்க குடும்பத்துக் காகிதங்கள் எல்லாம் இருக்கு. ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், பத்திரம் ஸ்கேன் செய்தது, கல்யாணப் படம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு வரைக்கும். பெட்டி போகலாம், அது போகக் கூடாது.

பொதுவாகச் சொன்னால் புரியாது. அதனால் ஒரு குறிப்பிட்ட போர்டை எடுத்துக்கொள்கிறேன். 2007-ல் இன்டெல் வெளியிட்ட ஜி31 என்ற சிப்செட் கொண்ட மதர்போர்டு. அதற்குப் பிறகு சில வருஷம் நம் ஊர்க் கடைகளில் அசெம்பிள் செய்து கொடுத்த கணினிகளில் ரொம்பப் பரவலாக இருந்தது. இன்டெல்லும் செய்தது, வேறு கம்பெனிகளும் செய்தன. உங்க வீட்டில் இருப்பது இதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பழையதும் புதியதும் ஒரே பலகையில் சந்தித்த காலத்துப் போர்டு இது. இதைத் தெரிந்துகொண்டால் முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் கிட்டத்தட்ட விளங்கிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். நாம அந்தப் பெட்டி முழுவதையும் ‘சி.பி.யூ’ என்று சொல்கிறோம். உண்மையான சி.பி.யூ, உள்ளே ஃபேனுக்கு அடியில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சதுரம்தான். பெட்டிக்குப் பெயர் கேபினட். அதற்குள் எல்லாவற்றையும் இணைக்கிற பெரிய பலகைதான் மதர்போர்டு. பரவாயில்லை, கடையில் போய் ‘சி.பி.யூ’ என்றே சொல்லுங்க, அப்போதான் புரியும்.

இப்போது திருப்பி வையுங்க. உங்க போனில் ஒரே ஒரு துளைதான் இருக்கும். சார்ஜ், பாட்டு, படம், கோப்பு எல்லாம் அதன் வழியாகத்தான். இங்கே பாருங்க, ஏழெட்டு விதமான துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் செருகி இருந்த காலம் அது. எது எங்கே என்று குழம்பக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் 1990-களின் கடைசியில் நிறங்களை வகுத்து வைத்தன. இந்தப் பின்பக்கம்தான் கணினியின் ஜாதகம் மாதிரி. பெட்டியைத் திறக்காமலே வயதையும் சொல்லிவிடலாம், இனி எதற்கு ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம்.

மேலே இருக்கும் இரண்டு வட்டத் துளைகள் பி.எஸ்/2. ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ்/2 கணினியின் பெயர்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஆறு பின். இதைக் கணினி ஓடும்போது பிடுங்கிச் செருகக் கூடாது. யூ.எஸ்.பி மாதிரி ஓடுகிறபோதே மாற்றுவதற்கு வடிவமைத்தது இல்லை இது. கீபோர்டு வேலை செய்யவில்லையா? அணைத்துவிட்டு, ஊதாவில் செருகி, மறுபடி போடுங்க. அம்புக்குறி மேலே பார்த்து இருக்கணும். பலவந்தமாக அழுத்தினால் பின் வளைந்துவிடும்.

பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் நீளமாக 25 ஓட்டை இருந்தால் அது பேரலல் போர்ட், பழைய பிரின்டருக்கு. ஒன்பது பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சீரியல் போர்ட். வீட்டுக்கு இரண்டும் தேவைப்படாது. ஆனால் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்கணும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், எடைத் தராசு, பழைய தொழிற்சாலை இயந்திரங்கள் எல்லாம் இன்றைக்கும் இவற்றின் வழியாகவே பேசிக்கொண்டிருக்கின்றன. யூ.எஸ்.பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் ஒயர் நன்றாகவே வேலை செய்யும். பேரலலுக்கு மாற்றும் ஒயர் பிரின்டருக்கு மட்டும்தான் உதவும். சில பழைய கணக்கு மென்பொருள்களுக்குப் பூட்டு மாதிரி ஒரு சின்னக் கட்டையைப் பேரலல் போர்ட்டில் செருகியிருப்பார்கள். அது அந்த ஒயரில் வேலை செய்யாது. அப்படி ஒரு மென்பொருளில் பத்து வருஷக் கணக்கு இருந்தால், பழைய பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் கணக்கை வெளியே எடுத்தாகணும்.

நீலநிறத்தில் 15 ஓட்டை இருப்பது வி.ஜி.ஏ, மானிட்டருக்கு. இதுவும் 1987 சரக்குதான். இதில் போவது அனலாக் சிக்னல். புது டி.வி., புது மானிட்டர் எல்லாம் எச்.டி.எம்.ஐ கேட்கிறது. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கடையில் போய் ‘வி.ஜி.ஏ–எச்.டி.எம்.ஐ கன்வர்ட்டர்’ என்று கேட்பார்கள், அவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார், வீட்டில் படம் வராது. ஏன்? எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றுவது ஒரு சாமான், வி.ஜி.ஏ-விலிருந்து எச்.டி.எம்.ஐ-க்கு மாற்றுவது வேறு சாமான். திருப்பிப் போட்டால் ஓடாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ‘கணினியில் வி.ஜி.ஏ, டி.வி-யில் எச்.டி.எம்.ஐ’ என்று சொல்லிக் கேளுங்க. அதற்கு மின்சாரமும் வேணும், ஒரு யூ.எஸ்.பி வால் தொங்கும். வெறும் ஒயராக, இரண்டு பக்கமும் செருகி மட்டும் இருப்பதாகக் கொடுத்தால் வாங்காதீங்க.

யூ.எஸ்.பி போர்ட்டுக்கு வருவோம். இந்த ஜி31 போர்டில் துணைக்கு இருக்கிற ஐ.சி.எச்.7 என்ற சிப் எட்டு யூ.எஸ்.பி 2.0 இணைப்புகளைக் கொடுக்கும். வழக்கமாகப் பின்னால் நாலு இருக்கும். மற்றவை பலகையிலேயே பின்களாக நின்று, ஒயர் வழியாகக் கேபினட்டின் முன்பக்கத்துக்கு வரும். முன்பக்க யூ.எஸ்.பி ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஒயர் கழன்றிருக்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கை. அந்த ஒயரை மாற்றிச் செருகினால் பென் டிரைவ் கருகும். தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

2000-ல் வந்த யூ.எஸ்.பி 2.0-வின் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். கணக்குப்படி 60 மெகாபைட், கைக்கு வருவது ஏறத்தாழ 30. உங்க போனிலிருந்து 10 ஜி.பி. படங்களை இதில் ஏற்ற ஆறு நிமிஷம் போல ஆகும். மோசமில்லையே! போர்ட்டுக்குள் நாக்கு நீலமாக இருந்தால் பொதுவாக அது 2008-ல் வந்த யூ.எஸ்.பி 3.0, இன்னும் வேகம். ஆனால் நிறையப் போன்களில் வெளியே டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே ஓடுவது அதே பழைய 2.0 தான். துளையின் வடிவத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய முடியாது.

இதில் போனைச் சார்ஜ் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், பொறுமை இருந்தால். இந்தத் துளை கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். 5000 எம்.ஏ.எச் பேட்டரி நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதைவிட உருப்படியான வேலை ஒன்று இருக்கு. பழைய கணினியில் வைஃபை கிடையாது. வீட்டில் பிராட்பேண்டும் இல்லை. என்ன செய்வது? போனைச் சார்ஜர் ஒயரால் கணினியில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ‘யூ.எஸ்.பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்க. ஒயர் கோப்பு அனுப்பக்கூடிய ஒயராக இருக்கணும், சார்ஜுக்கு மட்டும் ஆனதாக இருக்கக் கூடாது. சில வினாடியில் கணினிக்கு இன்டர்நெட் வந்துவிடும். தனியாக டாங்கிள் வாங்கத் தேவையில்லை. போனில் டேட்டா போகிற வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்க. கணினி அப்டேட் என்ற பெயரில் ஒருநாள் டேட்டாவை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

மீதி இருக்கிறது லேன் ஒயர் போகும் சதுரம், ஆடியோவுக்கு மூன்று வட்டம். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. போன் ஹெட்செட்டின் செருகியில் நாலு இணைப்புப் பகுதி இருக்கும், இங்கே பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. பிரித்துத் தரும் சின்ன ஒயர் கிடைக்கிறது.

இப்போது உள்ளே போவோம். முதலில் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்குங்க. ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருதரம் தொட்டுக்கொள்ளுங்க, உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் போய்விடும். பிறகு எந்த ஒயரையும் கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்க. இது ஒன்றைச் செய்தால் திருப்பி மாட்டும்போது யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

உள்ளே பார்த்தவுடன் தெரிவது வெள்ளியாக மின்னும் ஒரு வட்டம், பழைய ஒரு ரூபாய் நாணயம் மாதிரி. அதுதான் சி.ஆர்.2032 பேட்டரி, 3 வோல்ட். இந்த உரையிலேயே நான் அதிக நேரம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

நிறைய வீடுகளில் நடப்பது இது. கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்து, எஃப்1 அழுத்து என்று நிற்கும். அழுத்தினால் விண்டோஸ் வரும். பிரவுசரைத் திறந்து அரசு இணையதளத்துக்குப் போனால் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பில் வரும். வங்கிப் பக்கத்துக்குப் போனாலும் அதேதான். ‘சைட் டவுன்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். இல்லையென்றால் வைரஸ் என்று நினைப்போம். திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்க. 2008 ஜனவரி 1 என்று இருக்கும்!

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு மின்சான்றிதழ் உண்டு. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று எழுதியிருக்கும், நம்ம பஸ் பாஸ் மாதிரி. சில மாதம், மிஞ்சினால் ஒரு வருஷத்துச் சொச்சம். உங்க கணினி இன்னும் 2008-ல் உட்கார்ந்திருந்தால், ‘இந்தச் சான்றிதழ் செல்லும் காலம் இன்னும் தொடங்கவே இல்லையே’ என்று பிரவுசர் மறுத்துவிடும். இணையதளத்தில் தப்பு இல்லை, இன்டர்நெட்டில் தப்பு இல்லை. கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கிற அந்த பேட்டரி தீர்ந்துபோயிருக்கு, அவ்வளவுதான். டீ, வடை வாங்குகிற காசுக்குக் கிடைக்கிற சாமான். இதற்காக மதர்போர்டு போச்சு என்று கேட்டு நம்பி, கணினியையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த பேட்டரி நம் வீடுகளில் ஏன் சீக்கிரம் தீர்கிறது தெரியுமா? கணினியை அணைத்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டே இருந்தால், பவர் சப்ளையிலிருந்து சின்னதாக மின்சாரம் வந்து கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். பேட்டரிக்கு வேலை இருக்காது. நாம சிக்கனமானவர்கள், இடி மின்னலுக்குப் பயப்படுகிறவர்கள். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவோம். ராத்திரி முழுக்க பேட்டரிதான் காவல் காக்கும். சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். சில வருஷத்துக்கு ஒருதரம் பேட்டரியை மாற்றுங்க, போதும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தேதியைச் சரிசெய்து அணைத்து, பவர் ஒயரை ஒரு ராத்திரி பிடுங்கி வையுங்க. காலையில் தேதி திரும்பவும் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். மாற்றும்போது பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியை மெதுவாகத் தள்ளினால் எழும்பி வரும். கூட்டல் குறி போட்ட பக்கம் மேலே. மாற்றிய பிறகு முதல் தடவை செட்டப் திரைக்குப் போய் தேதியையும், எந்த டிரைவிலிருந்து கணினி துவங்கணும் என்பதையும் ஒருதரம் சரிபார்க்கணும். கழற்றிய பழைய பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீங்க. தீர்ந்துபோன பேட்டரி என்று அலட்சியம் வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அடுத்தது வட்டு, ஹார்ட் டிஸ்க். அது மதர்போர்டில் எங்கே சேர்கிறது என்று பாருங்க. அகலமான, தட்டையான, பட்டை மாதிரி ஒயர் போனால் அது ஐ.டி.இ. 40 பின் கொண்டது. விரல் அகலம்கூட இல்லாத, சின்ன ‘எல்’ வடிவ முனை கொண்ட ஒயர் போனால் அது சாட்டா. சாட்டா 2003-ல் வந்தது. ஜி31 போர்டில் இரண்டும் உண்டு. ஐ.டி.இ ஒன்று, சாட்டா நாலு.

இந்த வித்தியாசம்தான் உங்க கணினிக்கு மறுவாழ்வு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. சாட்டா இருந்தால் எஸ்.எஸ்.டி போடலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. ஒரு தகவலை எடுக்க, ஊசி அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வருகிற வரைக்கும் காத்திருக்கணும். கிட்டத்தட்ட 12, 13 மில்லி செகண்ட். சின்னதாகத்தான் தெரியும். ஆனால் விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடுகிறது. எஸ்.எஸ்.டி-யில் சுற்றுகிற தட்டே இல்லை, காத்திருப்பும் இல்லை. அதனால்தான் வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் போட்டால் கணினி புதுசு மாதிரி ஆகிவிடுகிறது. இந்தப் போர்டின் சாட்டா வினாடிக்கு 300 மெகாபைட் வரைதான் போகும், இன்றைய எஸ்.எஸ்.டி-கள் அதைப் போல இரண்டு பங்கு போகும் என்று கடைக்காரர் தயங்கலாம். தயங்க வேண்டாம். பொருந்தும், ஓடும், குறைந்த வேகத்தில் ஓடும். அந்தக் குறைந்த வேகமே பழைய வட்டைவிடப் பல மடங்கு. ‘எம்.2’ என்று பட்டையாக ஒன்று வரும், அது வேண்டாம். இரண்டரை அங்குல சாட்டா என்று கேளுங்க.

ஐ.டி.இ மட்டுமே இருக்கிற இன்னும் பழைய போர்டு என்றால் செலவு செய்யாதீங்க. அதிலிருந்து கோப்புகளை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரேம் பற்றிச் சுருக்கமாக. ஜி31-ல் போடுவது டி.டி.ஆர்.2, மொத்தம் 4 ஜி.பி. வரை. டி.டி.ஆர்.3 ரேமுக்கும் அதே 240 பின்தான், ஆனால் நடுவில் இருக்கிற வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அமுக்காதீங்க, அது வேற ஜாதி. ‘டிஸ்ப்ளே வரல, பீப் சத்தம் மட்டும் வருது’ என்றால் ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி, திரும்ப மாட்டுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து கிராமத்து சர்வீஸ் கடை வரைக்கும் முதலில் செய்கிற வைத்தியம் இதுதான். பாதி நேரம் சரியாகிவிடும்.

கீழே வெள்ளையாக இருக்கும் நீளத் துளைகள் பி.சி.ஐ, 1992 காலத்து வடிவம். ரொம்பச் சின்னதாக இருப்பது பி.சி.ஐ எக்ஸ்பிரஸ். அதில் யூ.எஸ்.பி 3.0 கார்டு ஒன்று போடலாம், முழு வேகம் வராது, ஆனாலும் பழைய போர்ட்டைவிட நன்றாக இருக்கும். பெரிய துளையில் கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொன்னால் கேட்காதீங்க. இந்தக் கணினிக்கு அந்தச் செலவு தகாது. நிற்கிற உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ கப்பாசிட்டர் போயிருக்கு. நல்ல சர்வீஸ் கடையில் அதை மட்டும் மாற்றித் தருவார்கள்.

சரி, இத்தனையும் செய்த பிறகு என்ன போட்டு ஓட்டுவது? விண்டோஸ் எக்ஸ்.பி-க்கு ஆதரவு 2014 ஏப்ரலோடு நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தப் போர்டில் கிடையாது. ஆதரவு நின்ற விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், ஆதார் எண்ணைத் தட்டுவதும், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. அதனால் லினக்ஸ் போடுங்க. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பு இருக்கு. இரண்டும் இலவசம். 4 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி-யும் இருந்தால் பிரவுசரில் விண்ணப்பம் நிரப்பலாம், பி.டி.எஃப் எடுக்கலாம், தமிழக அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் மனுவைத் தமிழிலேயே தட்டலாம். பத்து டேப் திறந்தால் திணறும், அதை மறைக்க விரும்பவில்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறவர்கள் மட்டும், உங்க டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்க.

அப்படியும் வேண்டாம், கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால், அல்லது போர்டு நிஜமாகவே செத்துப்போயிருந்தால், கோப்புகளை எப்படி எடுப்பது? போர்டு போனாலும் வட்டு நன்றாகவே இருக்கும், பெரும்பாலும். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி மாற்றி ஒன்றின் வழியாக வேறொரு கணினியில் இணைக்கலாம். ஐ.டி.இ, சாட்டா இரண்டுக்கும் பொதுவான மாற்றி கடைகளில் உண்டு. வாங்கும்போது ஒன்றைப் பார்க்கணும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல வட்டுக்கு 12 வோல்ட் வேணும், யூ.எஸ்.பி அதைத் தராது. தனி அடாப்டரோடு வருகிற மாற்றிதான் உதவும். ஐ.டி.இ வட்டின் பின்னால் ‘ஜம்பர்’ என்ற குட்டித் தொப்பி இருக்கும், அது ‘மாஸ்டர்’ இடத்தில் இருக்கட்டும். வட்டில் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்க. திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் மிச்சம் இருப்பதும் போகும்.

எடுத்த பிறகு அழிக்கணும். டெலிட் செய்வது அழிப்பது ஆகாது. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான் அது, பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் உங்க வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். ‘க்விக் ஃபார்மேட்’ என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்க. வட்டில் ஒன்றுக்கு மேல் பகுதி இருந்தால் ஒவ்வொன்றுக்கும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்களில் இது வட்டு முழுக்கச் சுழியம் எழுதிவிடும். பெரிய வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்க. வட்டு ஓடவே இல்லை என்றால் சுத்தியல்தான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க. லேப்டாப் வட்டுகளில் தட்டு கண்ணாடியாகவும் இருக்கும், தெறிக்கும்.

மீதிப் பெட்டியைப் பழைய இரும்போடு போட வேண்டாம். பழைய மதர்போர்டுகளில் பாகங்களை ஒட்டியிருக்கும் ஈயப்பற்றில் பத்தில் நாலு பங்கு வரை ஈயம். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் போடுவதும் எங்கோ ஒரு குடியிருப்புக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பது அங்கே இருக்கிற குழந்தைகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, இதைச் செய்வதற்குப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், உங்க உள்ளாட்சி அலுவலகத்தில் மின்கழிவு சேகரிப்பு எப்போது என்றும் கேட்கலாம். கொடுக்கும்போது பதிவு எண் போட்ட ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. நாணய பேட்டரியை முதலிலேயே கழற்றி, இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, தனியாகக் கொடுங்க.

யாராவது கணினியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வந்திருக்கிறீர்களா? முன்னால் வாங்க, பார்ப்போம்.